இலகுப் பையும் ஸ்டெல்லாக்காவின் சேலையும்

சிலருக்கு நகைப் பைத்தியம் இருக்கும், சிலருக்கு வீடு கட்டும் பைத்தியம் இருக்கும். திருச்சி பாலக்கரை நிரோஷாவுக்கு இருந்தது பைப் பைத்தியம். தோளில் மாட்டும் பை, இடுப்பில் கட்டும் பை, பைக்குள் வைக்கும் பை, அந்தப் பைக்குள் சார்ஜருக்கு மட்டும் தனியாக ஒரு பை என்று ஒரு அலமாரி முழுக்கப் பைதான். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தண்ணீர் பாட்டிலை எடுக்க வேண்டுமென்றால் ஜிப் எந்தப் பக்கமிருந்து திறக்க வேண்டும் என்பதைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசுவாள். பேசியும் இருக்கிறாள். அதை உட்கார்ந்து கேட்க லட்சக்கணக்கில் ஆள் இருந்தார்கள் என்பதுதான் அவள் கணவன் ஜெயசீலனுக்குக் கடைசிவரை விளங்காத விஷயம்.

அவள் சேனலுக்குப் பெயர் 'ஒரே பை'. எத்தனை நாள் பயணமானாலும் ஒரே ஒரு பை, அதுவும் கையோடு கொண்டுபோகிற பை. எடை குறைய வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தவள் அவள். எந்த ஆப்பைப் போட்டால் நெட் இல்லாத ஊரிலும் வரைபடம் திறக்கும், எந்த ஒயர் மூன்று கருவிக்கு உதவும், ஆயிரம் பயணப் படங்களில் வேண்டியதை எப்படி ஒரு நொடியில் தேடி எடுப்பது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது பேச்சல்ல, படம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு சாம்பல் நிறப் போர்வையை விரித்து, பையில் போகப்போவதை எல்லாம் அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் வரிசை வரிசையாக வைப்பாள். நாற்காலியில் ஏறி நின்று நேர் மேலிருந்து படம் எடுப்பாள். போய் இறங்கிய அறையிலும் அதே போர்வை, அதே வரிசை, அதே மாதிரி இன்னொரு படம். பார்க்கிறவருக்கு, நம் வாழ்க்கையும் இப்படி அடங்கி ஒடுங்கி இருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கும்.

அந்தப் படங்களில் வராதது ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து ஒருத்தர் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ கிளம்புகிறார் என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு மூக்குக்கண்ணாடி, எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பருப்புப்பொடி, யாரோ ஒருத்தர் மச்சானுக்கு முட்டிவலித் தைலம் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கும். நிரோஷா எதையும் மறுத்ததில்லை. முகம் கோணாமல் வாங்கிக்கொள்வாள், பஸ் பிடித்து வீடு தேடிப்போய்க் கொடுப்பாள். படம் எடுக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பொட்டலம் சாம்பல் போர்வையில் பார்க்க நன்றாகவா இருக்கும்? படம் முடிந்ததும் எடுத்துப் பையில் திணித்துக்கொள்வாள். இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

இலகு நிறுவனம் அவளைத் தேடி வந்தது இந்தப் படங்களுக்காகத்தான். அவர்கள் செய்த பைக்கு உள்ளே கண் இருந்தது. என்ன வைத்தாலும் அது என்ன, யாருடையது என்று பை பார்த்துவிடும். கடையில் வாங்கும் எல்லாப் பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வந்துவிட்ட காலம் அது. வாங்கியவர் பெயர் அதில் ஏறியிருக்கும். குறி இல்லாத பழைய சாமானை, ஒரு நல்ல பயணி என்னென்ன கொண்டுபோவார் என்று தான் படித்ததை வைத்துப் பை தானே முடிவுசெய்யும். திருப்தி வந்தால் கிளிக்கென்று பூட்டிக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டும். இல்லாவிட்டால் மஞ்சள் விளக்கு.

முன்பெல்லாம் விமான நிலையத்தில் கேட்பார்களே, பையை நீங்கள்தான் அடுக்கினீர்களா, வேறு யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா என்று. நாமும் கூசாமல் இல்லை என்போம். இப்போது அந்தக் கேள்வியைப் பையே கேட்டு, பதிலையும் பையே சொல்லியது. பச்சை விளக்கென்றால் எங்கேயும் நிற்க வேண்டாம், நேராக விமானத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு விளக்க வரிசை. அங்கே ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டி, இது என்னுடையதுதான் என்று விளக்க வேண்டும். விளக்க முடியாதது குப்பைத் தொட்டிக்குப் போகும்.

நிரோஷாவின் பதினோரு வருஷப் படங்களைத் தின்றுதான் அந்தப் பை வளர்ந்தது. நிறுவனத்தார் அதை எல்லா மேடையிலும் சொன்னார்கள். முதல் பையின் மேல் ஒன்று என்று எண் பொறித்து அவளுக்கே கொடுத்தார்கள். அவள் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வீடியோ போட்டாள். ஊரெல்லாம் இலகு வாங்கியது.

அதற்குப் பிறகு தெருவில் ஒருத்தரும் பொட்டலத்தோடு அவள் வீட்டுப் படி ஏறவில்லை. இதை அவள் கவனிக்கக்கூட இல்லை. பிற்பாடு அவளால் பொறுக்க முடியாமல் போனது அதைத்தான்.

அந்த வருஷம் சிங்கப்பூரில் இலகுவின் புது மாடலுக்கு விழா. நிரோஷா மேடையேறி, எண் ஒன்று பையை எல்லார் முன்னாலும் திறந்து, தன் வழக்கப்படி அடுக்கிப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கீழ்வீட்டு ஸ்டெல்லா மாடி ஏறி வந்தாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்கிற உடம்பு. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சப் படி ஏறினாள்.

"ஏங்க்கா, ஒரு போன் போட்டா நான் வந்திருக்க மாட்டேனா?" என்றாள் நிரோஷா.

"போன்ல கேக்குற விஷயமில்ல நிரோ," என்று ஸ்டெல்லா மடியிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். வெள்ளையில் நீலக்கட்டம் போட்ட கைத்தறி. துவைத்துத் துவைத்து வெள்ளை பழுத்து நீலம் சாம்பலாகி, தொட்டால் பூ மாதிரி இருந்தது. கரையில் இரண்டு இடத்தில் ஊசிநூல் போட்டிருந்தது. "இது எம்மக ரோஸ்லினத் தூளி கட்டிப் போட்ட சேலை. அவளுக்குச் சிங்கப்பூர்ல புள்ள பொறந்திருக்குல்ல, அதுக்குப் போகணும்."

"நல்லா இருக்காளா?"

"எங்க நல்லா இருக்கா. புள்ளயக் கீழயே விட மாட்டேங்குறா. மடியிலயே வச்சிட்டு, உக்காந்தமேனிக்கே தூங்குறா. போன தடவ எல்லாம் புதுசா வாங்கி அடுக்குனாளே, தொட்டிலு மெத்த பொம்மன்னு. ஏழாம் மாசத்துல வயித்துக்குள்ளயே போயிருச்சு. அதுலேருந்து புதுத்துணியக் கண்டாலே பயப்படுறா. என்னப் போட்ட சேல வரட்டும்மா, அதுலதான் போடுவேன், அதுவரைக்கும் கை வலிச்சா வலிக்கட்டும்ங்குறா. மருமகன் கெஞ்சிட்டாரு, டாக்டரும் சொல்லிட்டாங்க. மணிக்கட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்காம்."

"கூரியர்ல போடலயா?"

"போட்டேனே. திரும்பி வந்துருச்சு. குறி இல்லாத பழந்துணிய எடுக்க மாட்டாங்களாம்." ஸ்டெல்லா சேலையை மடியில் வைத்துத் தடவினாள். "நான் போற ஒடம்பா இது. உன் பையும் விடாதுன்னு தெரியும். சும்மா கேட்டுப் பாப்போம்னுதான் வந்தேன்."

"அதெல்லாம் விடும்க்கா. என் படத்தப் பாத்துப் படிச்ச பை அது," என்றாள் நிரோஷா, பெருமையாகவே.

ஸ்டெல்லா இறங்கிப் போனதும் சேலையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பை மிகுந்த மரியாதையோடு பேசியது.

"ஒரு பொருள் உங்களுடையதாகத் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்கிறேன்."

எட்டாக மடித்து வைத்துப் பார்த்தாள். தன் சட்டைக்குள் சுருட்டி வைத்துப் பார்த்தாள். சுருட்டியதைப் பார்த்ததும் பைக்குச் சந்தேகம் அதிகமாகி இரண்டு முறை சொன்னது. நிறுவனத்தில் அவளுக்கென்று இருந்த பொறியாளன் அஷ்வத்தை வீடியோவில் பிடித்தாள்.

"தம்பி, உங்க பைக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? ஒரு பழைய சேலைக்கு இந்த ஆட்டம் ஆடுது."

அஷ்வத் கொஞ்ச நேரம் தன் திரையைப் பார்த்தான். "கிறுக்கு இல்ல மேடம். அது உங்களக் காப்பி அடிக்குது."

"என்னயா?"

"அடுத்தவங்க பொருளக் கொண்டுபோகக் கூடாதுன்னு நாங்க விதியே எழுதல. உங்க பதினோரு வருஷப் படத்தையும் காட்டினோம், நல்ல பயணின்னா இப்படித்தான்னு. அதுல ஒரு படத்துலகூட அடுத்தவங்க சாமான் இல்ல. அதுவா கத்துக்கிச்சு."

"நான் தெரு முழுக்கக் கொண்டுபோயிருக்கேன் தம்பி. கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத்தான் படம் எடுப்பேன்."

"அது எங்களுக்குத் தெரியாதே மேடம். கட்டிலுக்கு அடியில எடுத்த படம் இல்லையே."

"சரி விடு. இந்தச் சேலைய அந்தக்காகிட்ட நான் விலைக்கு வாங்கிட்டதா போட்டுரு."

"போடலாம். ஆனா இதுக்கு மதிப்பு பூஜ்யம்னு காட்டுது. பூஜ்யத்த விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. குப்பைன்னு பதிஞ்சா உடனே உங்க பேருக்கு மாறிடும். ஆனா குப்பைய வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

நிரோஷாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அஷ்வத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இந்தத் தடவ மட்டும் விட்டுருங்களேன். மேடையில உங்க பையே மஞ்சள் விளக்கோட வந்து நின்னா நல்லா இருக்காது. அடுத்த மாடலுக்கு உங்க பேரையே வைக்கலாம்னு பேசிட்டிருக்காங்க."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பை மேல் வந்தது, அஷ்வத் மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அத்தனை பொட்டலத்தையும் அடியில் தள்ளிய தன் வலது காலின் மேல் வந்தது. அன்று முழுக்க ஸ்டெல்லாவின் வீட்டைத் தாண்டிப் போக முகமில்லாமல் கடைக்குக்கூட ஜெயசீலனைத்தான் அனுப்பினாள்.

கிளம்புகிற அன்று காலை, பழக்கதோஷத்தில் சாம்பல் போர்வையை விரித்துச் சாமானை அடுக்கினாள். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொள்வது ஜெயசீலனின் வேலை.

"ஆமா, எனக்கு ஒரு சந்தேகம்," என்றான் அவன், நாற்காலியைப் பிடித்தபடி. "இந்தப் போர்வை எங்கம்மாவோடது. அவங்க கல்யாணத்துக்கு வந்தது. ஊர் ஊரா இதையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டுத்தான் போற. இதுக்கு மட்டும் உன் பை ஒண்ணும் சொல்லலயா?"

நிரோஷா நாற்காலி மேலேயே நின்றுவிட்டாள். பிறகு இறங்கினாள். போர்வையை அடியில் போட்டு எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு, "உள்ள என்ன இருக்கு, சொல்லு," என்று கேட்டாள்.

பை சொல்லிக்கொண்டே போனது. சட்டைகள், கால்சட்டை, சார்ஜர், ஒயர், கேமரா, அறுத்த பிரஷ், மருந்து டப்பா. போர்வையைச் சொல்லவே இல்லை. சொல்லாது. எந்தப் படத்திலும் போர்வை ஒரு சாமானாக இருந்ததில்லை, சாமானுக்கு அடியில் இருந்தது. பையைப் பொறுத்தவரை அது தரை மாதிரி, மேசை மாதிரி. இத்தனை வருஷமாக வேறொருத்தர் போர்வையைத் தூக்கிக்கொண்டு பச்சை வழியில் போய் வந்திருக்கிறாள், பைக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

போர்வையை உருவி எறிந்தாள். ஸ்டெல்லாவின் சேலையை அகலமாக மடித்து அடியில் விரித்து, மேலே தன் சாமான்களை வழக்கமான வரிசையில் வைத்தாள்.

கிளிக்.

"எல்லாம் உங்களுடையவை. இனிய பயணம்."

"பலே கில்லாடி நீ," என்றான் ஜெயசீலன்.

போகும் வழியில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள். ஸ்டெல்லா முதலில் நம்பவில்லை. "பைய ஏமாத்திட்டியா?"

"ஏமாத்தலக்கா. அதுக்குக் கண்ணு அவ்வளவுதான்."

விமான நிலையத்தில் பச்சை வழிக்கும் விளக்க வரிசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்தான். இதற்கு முன்னால் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த முறை பார்த்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு செருப்புக்கு மட்டும் அடிப்பாகம் நான்கு விரல் உயரம், கால் குட்டையானவருக்காகத் தைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவர் காலைக் காட்டி ஏதோ கேட்டார். இவர் எங்கோ தூரத்தில் இருக்கிற காலுக்காகக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கொஞ்ச நேரத்தில் செருப்பு தொட்டிக்குள் போயிற்று. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிரோஷாவின் பை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கதவு தானே திறந்தது, யாரோ சிரித்து வணக்கம் சொன்னார்கள். தப்பித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அந்த மனுஷன் செருப்பைக் கையில் பிடித்துக் காட்டினார், தொட்டிக்குப் போனது. இவள் அடியில் மறைத்தாள், வணக்கம் வைக்கிறார்கள். இதற்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்கும் என்ன வித்தியாசம் என்று விமானம் ஏறி இறங்கும்வரை யோசித்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நிறுவனத்துக் கார் அவளை நேரே விழா அரங்கத்துக்குக் கூட்டிப்போனது. பேசாமல் மேடையில் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு, சாயங்காலம் ரோஸ்லின் வீட்டில் சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அடுத்த மாடலுக்கு அவள் பெயரையும் வைத்திருப்பார்கள். ரகசியமாக இன்னும் எத்தனையோ பேருக்கு எதை எதையோ அடியில் விரித்துக் கொண்டுபோயிருக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மேடையில் ஒரு அகலமான மேசை. அதன்மேல் அவளுக்காகவே வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மேசைக்கு நேர் மேலே பையோடு இணைத்த கேமரா, பின்னால் சுவர் உயரத்துக்குத் திரை. அவள் தமிழில் பேசினால் நாற்காலிக்கு நாற்காலி அவரவர் மொழியில் கேட்கும். நிரோஷா வெள்ளைத் துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பையிலிருந்ததை எல்லாம் எடுத்துப் பக்கத்தில் குவித்துவிட்டு, ஸ்டெல்லாவின் சேலையை உருவி மேசைமேல் விரித்தாள். திரையில் சாம்பலாய்ப் போன நீலக்கட்டங்களும் ஊசிநூல் போட்ட கரையும் பெரிது பெரிதாகத் தெரிந்தன. அதன்மேல் சாமான்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தாள். வரிசை பிசகவில்லை.

"இதுல அடுத்தவங்க பொருள் ஏதாவது இருக்கா?" என்று பையைக் கேட்டாள்.

"இல்லை. எல்லாம் உங்களுடையவை," என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பை சொன்னது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"பொய்," என்றாள் நிரோஷா.

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"கீழ விரிச்சிருக்கேனே, இது என்னோடது இல்ல. பாலக்கரை ஸ்டெல்லாக்காவோடது. அவங்க மக இந்த ஊர்லதான் இருக்கா, பெத்த புள்ளயக் கீழ விடாம. இது வந்தாத்தான் விடுவேன்னு உக்காந்திருக்கா. இந்தச் சேலைய இந்தப் பை முதல்ல என்னோடது இல்லன்னுச்சு. அப்புறம் மதிப்பு பூஜ்யம்னு காட்டுச்சு. அடியில விரிச்சதும் கண்ணே தெரியாமப் போச்சு. பை மேல தப்பு சொல்ல மாட்டேன். அது என் படத்தப் பாத்துப் படிச்சுது. என் படத்துல இல்லாததெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. யாரு குடுத்ததையும் நான் கொண்டுபோகாம விட்டதில்ல, எதையும் காட்டுனதும் இல்ல. இனிமே காட்டுவேன்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து யாருக்கோ கைகாட்டினார். நிரோஷா அவரைப் பார்த்தே பேசினாள்.

"மைக்க நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோங்க, முடிச்சிட்டேன். கேக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. யாருக்காவது எதையாவது கொண்டுபோனீங்கன்னா, அத எல்லாத்துக்கும் மேல வச்சுப் படம் எடுங்க. எடுத்து எல்லாருக்கும் போடுங்க. பை அதையும் படிக்கட்டும். படிக்கலன்னா பையத் தூக்கி ஓரமா வைங்க."

நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள். இந்த முறை பிடித்துக்கொள்ள ஆளில்லை, நாற்காலி ஆடியது. சேலையின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று சேனலில் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

மேடைக்குப் பின்னால் அஷ்வத் நின்றிருந்தான். கோபமாகத் தெரியவில்லை, களைத்துப் போயிருந்தான். "நாளைக்குள்ள இந்த ஓட்டைய அடைச்சிருவாங்க மேடம். சொல்லாமலே செஞ்சிருந்தீங்கன்னா ரொம்ப நாள் ஓடியிருக்கும்."

"தெரியும் தம்பி. அடியில போற வழி எனக்கு வேண்டாம். அந்த வழியிலதான் இத்தன வருஷமாப் போனேன்."

அவன் அவளுக்கு வாசலைக் காட்டினான். திரும்பிப் போகக் கார் இல்லை. ரயில் பிடித்துப் போனாள்.

ரோஸ்லின் வீட்டுக் கூடத்தில் யாரோ கொடுத்த இரும்புச் சட்டம் ஒன்று நின்றது. உச்சியில் ஸ்பிரிங்கும் கொக்கியும், தூளி மட்டும் இல்லை. ரோஸ்லின் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்துப் போயிருந்தது.

"நிரோக்கா, குடுங்க," என்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கையால் சேலையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். சோப்பும் தைலமும் கலந்த ஸ்டெல்லாவின் வாடை.

பிறகு அவளே எழுந்து, குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கொக்கியில் போட்டு இறுக்கி முடிந்தாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். குழந்தையை உள்ளே விட்டாள். விட்டதுதான் தாமதம், அது வீடே அதிரும்படி வீறிட்டது. ரோஸ்லினின் கை பாய்ந்தது. அதற்குள் நிரோஷா தூளியைப் பிடித்து ஆட்டினாள். அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் நின்று, தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் அதன் பக்கத்தில் நின்றாள். சும்மா தொங்கும் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி பார்த்தாள். அப்புறம் தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் நிரோஷா கிளம்பும்போது ரோஸ்லின் ஒரு பொடித் தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கியது.

"அம்மாகிட்டக் குடுத்துருங்கக்கா. துவைக்கல. துவைச்சா புள்ள வாடை போயிரும்."

"குடுத்துட்டுதான் மறுவேலை," என்றாள் நிரோஷா.

விமான நிலைய வாசலில் பையைத் திறந்து தொப்பியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அடியில் விரிப்பதும் இனி பார்க்கப்படும். ஒரு பொருள் உங்களுடையதாகத் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்கிறேன்."

அடைத்துவிட்டார்கள். போனைப் பார்த்தாள். நிறுவனத்திலிருந்து வந்திருந்தது: அவளுக்கும் இலகுவுக்கும் இனி சம்பந்தமில்லை, எண் ஒன்று பையை ஒப்படைத்துவிட வேண்டும்.

"ஒரு பொருள் உங்களுடையதாகத் தெரியவில்லை," என்றது பை மறுபடியும்.

"ஆமா, என்னோடது இல்ல. அதுக்கென்ன இப்ப?" என்று கேட்டுவிட்டு, அடிப்பக்கத்து மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது. இப்போது அது வெறும் பை. நல்ல பைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜிப் எல்லாம் அருமை. ஒப்படைக்கச் சொன்னவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று தோளில் மாட்டிக்கொண்டு விளக்க வரிசையைத் தேடிப் போனாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. வரிசை வாசல்வரை வந்திருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சை வழியில் நாலைந்து பேர்தான் நடந்தார்கள். இந்தப் பக்கம் வளைந்து வளைந்து நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் தோளில் இலகுப் பை, மஞ்சளாக எரிந்தபடி. ஒரு சீனக் கிழவர் மூடாத பையின் மேல் யாருடைய மருந்துப் புட்டியையோ வைத்துப் பிடித்திருந்தார். ஒரு மலாய்ப் பெண் கையில் பெரியதொரு பலகாரப் பெட்டி. சிலர் தரையில் குந்தி, துண்டை விரித்து, சாமானை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அடுக்கிய வரிசை நிரோஷாவுடையதைவிடக் கோணலாகத்தான் இருந்தது. ஒருவரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

அவள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் விமானக் கம்பெனிச் சீருடையில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள். தொப்பியை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"இது உங்களோடதா மேடம்?"

"இல்ல."

"யாரோடது?"

"ஒரு புள்ளையோடது. திருச்சில ஸ்டெல்லாக்கான்னு இருக்காங்க, அவங்களுக்குப் போகுது."

"புள்ளைக்கு நீங்க என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்ல."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "குடுத்தவங்களும் நீங்க இல்ல, வாங்கப்போறவங்களும் நீங்க இல்ல. இதுல ரெண்டுதான் இருக்கு. உங்கள யாருன்னு போடுறது?"

"கொண்டுபோறவ," என்றாள் நிரோஷா. "அப்படிப் போடு."

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே."

"இல்லன்னா எழுதிக்கோ. நான் இங்கதான் நிப்பேன். எனக்குப் பின்னாடி நிக்கிறவங்களும் அதத்தான் சொல்லப்போறாங்க."

அந்தப் பெண் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். தொட்டி அவள் காலடியில்தான் இருந்தது. பிறகு திரையில் எதையோ நீளமாகத் தட்டி எழுதினாள், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அது கத்தியதை ஒரு விரலால் அமர்த்தினாள். தொப்பியை மறுபடி பையின் மேலேயே வைத்தாள், கசங்காமல். வைத்துவிட்டு, மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மணப்பாறைப் பக்கம் போவீங்களா?"

அவள் கையில், மேசைக்கு அடியிலிருந்து எடுத்த ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டது. ரொம்ப நாளாக அங்கேயே கிடந்தது போல மூலையெல்லாம் மழுங்கியிருந்தது.

நிரோஷாவுக்கு மணப்பாறையில் ஆளும் கிடையாது, வேலையும் கிடையாது.

"போவேனே," என்று கையை நீட்டினாள். "பிரிச்சுக் காட்டும்மா. எல்லாத்துக்கும் மேல வச்சு ஒரு படம் எடுத்துக்கிறேன்."